இங்கிலாந்தில் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட வருமான வரியைப் பற்றி நண்பனுக்கு

கோவை,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜூலை இறுதியில் லெஸ்டரிலிருந்து மதுரைக்கே திரும்பிவிட்டாய் என்பதும், அம்மா கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் நாளிதழ் படிக்கத் தொடங்கிவிட்டார் என்பதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. அங்கே சம்பளத்தில் பிடித்த வருமான வரியைத் திரும்பப் பெற ஒரு முகவரை அமர்த்தப்போவதாகவும், வரும் தொகையில் நான்கில் ஒரு பங்கை அவர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதே. விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. நீயே செய்யக்கூடிய வேலைதான் அது.

நான் மான்செஸ்டரில் வேலையை முடித்துக்கொண்டு 2023 ஆகஸ்ட் கடைசியில் திரும்பியது உனக்கு நினைவிருக்கும். அந்நாட்டு வரி ஆண்டு ஏப்ரல் 6 அன்று தொடங்குவதால், அவ்வாண்டில் எனக்கு ஐந்து மாதச் சம்பளமே வந்தது. மாதம் 3,500 பவுண்டு வீதம் 17,500 பவுண்டு. ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை அங்கே வரி இல்லை. ஆனால் சம்பளத்தில் பிடிக்கும்போது, பன்னிரண்டு மாதமும் வேலை செய்வோம் என்ற கணக்கில், அந்த விலக்கை மாதத்துக்கு 1,047.50 பவுண்டாகப் பிரித்துத்தான் தருவார்கள். அதனால் மீதிச் சம்பளத்துக்கு 20 சதவீதம் வீதம் மாதந்தோறும் 490.50 பவுண்டு பிடித்தார்கள். ஐந்து மாதத்துக்கு 2,452.50. முழு விலக்கையும் கழித்துப் பார்த்தால் நான் கட்ட வேண்டியிருந்தது 986 பவுண்டுதான். மீதி 1,466.50 பவுண்டு, கேட்காமல் விட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

கேட்பதற்குரிய படிவத்துக்குப் பி85 என்று பெயர். வேலையை விடும்போது நிறுவனம் கொடுத்த பி45 சான்றின் 2, 3ஆம் பகுதிகளை அதனுடன் சேர்த்து அந்நாட்டு வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பிவிட்டு, 1ஏ பகுதியை நீ பத்திரமாக வைத்துக்கொள். வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை கேட்கலாம் என்றாலும் தள்ளிப்போடாதே. அங்குள்ள வங்கிக் கணக்கை, பணம் வந்து சேரும்வரை மூடாதே. அது திறந்திருக்கும்வரை இங்கே தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் அதைக் காட்டியாக வேண்டும். ஓய்வூதியம் போன்ற நலன்களுக்கான தேசியக் காப்பீட்டுக்காக அங்கே பிடித்த தொகை இவ்வழியில் திரும்ப வராது, அதை எதிர்பார்க்காதே.

இதோடு முடிந்தது என்று நினைத்ததுதான் என் பிழை. அந்த நிதியாண்டில் நான் இந்தியாவில் 182 நாட்களுக்கு மேல் இருந்ததால், சட்டப்படி இங்கு வசிப்பவன் ஆனேன். மான்செஸ்டர் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டியதாயிற்று. ஜூலை இறுதியில் வந்த உன் நிலையும் அதுவேதான். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். பி45இல் அச்சாகியிருந்த 2,452.50 பவுண்டை அப்படியே கழிக்கச் சொல்லி ஆடிட்டரிடம் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "திரும்பி வந்துவிட்ட பணம் எப்படிக் கட்டிய வரி ஆகும்?" என்று கேட்டார். உண்மைதான், 986 பவுண்டுக்கு மட்டுமே எனக்கு உரிமை உண்டு. இதனால்தான் உன்னிடம் முதலில் அங்கே கணக்கைத் தீர்த்துக்கொண்டு, பிறகு இங்கே தாக்கல் செய் என்கிறேன். அங்கே திரும்பக் கேட்க வேண்டிய தொகையைக் கேட்காமல் விட்டுவிட்டு இங்கே ஈடு செய்துகொள்ளலாம் என்று எண்ணுவது சரியான வழி அல்ல.

இன்னொன்றிலும் இடறினேன். அயல்நாட்டு வரியைக் கழிக்க 67ஆம் எண் படிவத்தைத் தனியாக இணையத்தில் அனுப்ப வேண்டும் என்பதை மறந்து, 2024 ஜூலையில் கணக்கை மட்டும் தாக்கல் செய்தேன். கழிவு மறுக்கப்பட்டு, கூடுதல் வரி கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தபோது இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளையாக, மதிப்பீட்டு ஆண்டு, அதாவது அந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடியும் 2025 மார்ச் 31 வரை அந்தப் படிவத்துக்கு அவகாசம் இருந்தது. அதை அனுப்பிவிட்டுத் திருத்த மனு கொடுத்த பிறகே கழிவு ஏற்கப்பட்டது. கென்யாவில் வேலை செய்து திரும்பிய ஒருவரின் வழக்கில், இப்படிவம் தாமதமானதற்காக மட்டும் கழிவை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் நீதிமன்றம் வரை போகும் நிலை உனக்கு ஏன் வர வேண்டும்?

பவுண்டை ரூபாயாக்கும்போது கூகுளில் தெரியும் விலையை எடுக்காதே. வரி பிடிக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கி அறிவித்த தந்திப் பரிமாற்ற வாங்கும் விலையை, அதாவது வங்கி அயல்நாட்டுப் பணத்தை வாங்கும் விலையைத்தான் கொள்ள வேண்டும். எனக்கு ஐந்து மாதத்துக்கும் ஐந்து விலை. இந்தப் பகுதிதான் சலிப்பூட்டும், ஆனால் ஒருநாள் மாலையில் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இரவு பகலாக உழைத்துச் சம்பாதித்தது, சண்முகம். உனக்குச் சேர வேண்டியதில் கால் பங்கை யாருக்கோ கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உன் பி45இன் நகலையும் ஏப்ரல் முதலான சம்பளச் சீட்டுகளையும் அனுப்பிவை. தீபாவளிக்கு மதுரை வரும்போது கணக்கைப் போட்டே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
இளங்கோ