உறிஞ்சும் பொடியும் பலவீனமான மூச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காசநோய்க்கு, மூச்சோடு உறிஞ்சும் பொடி மருந்து பற்றிய ஆய்வுகள் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்துள்ளன. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிய பிறகுதான் நுரையீரலுக்குப் போகிறது. பொடி நேராகக் கிருமி இருக்கும் இடத்துக்கே போகும்.

செய்வதுதான் கடினம். துகள் சுமார் 1 முதல் 5 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு நுண்ணிய பொடி, ஈரக்காற்று பட்டால் கட்டி தட்டிவிடும். ஆஸ்துமா மருந்து மைக்ரோகிராம் கணக்கு என்பதால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையில் கலந்து சமாளிக்கிறார்கள். காசநோய் மருந்தோ மில்லிகிராம் கணக்கு; அதோடு லாக்டோஸும் சேர்ந்தால் உறிஞ்ச வேண்டிய பொடி மிக அதிகமாகிவிடும். அந்த வழி இங்கே அவ்வளவாக உதவாது.

அப்புறம், உறிஞ்சும் வேகம். பெரும்பாலான கருவிகளில் நோயாளியின் மூச்சுதான் பொடியைக் கிளப்ப வேண்டும். இளைத்துப்போனவருக்கு அந்த பலம் ஏது? என் அம்மா ஆஸ்துமா கேப்ஸ்யூலை ஒரு மாதம் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டும் என்று யாருமே சொல்லித் தரவில்லை.

புது மருந்தை ஐப்பசி மழையின் ஈரத்திலும், மூச்சு வாங்கும் முதியவர்களிடமும் சோதியுங்கள். சொல்லித்தர ஆளும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்