படத்தின் அடியில் விடுதி முகவரி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் பெண்கள் விடுதி நடத்திவருகிறேன். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் கலந்து இருக்கிறார்கள். பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், திண்டிவனம் என்று பல ஊர்க்காரர்கள். பெண்பிள்ளைகளையும் செல்போனையும் பற்றி யார் பேச்சை எடுத்தாலும், "இந்தப் பொண்ணுங்க எதுக்குப் போட்டோ போடணும்?" என்றுதான் முடிக்கிறார்கள். எங்கள் விடுதி இருக்கும் இடத்தை ஊருக்குச் சொன்னது எங்கள் பிள்ளைகள் இல்லை, ஒரு பயிற்சி நிறுவனம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மகளிர் தினத்தை ஒட்டி, போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தார் எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடத்தினார்கள். நன்றாகவே பேசினார்கள். போகும்போது எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து, அன்று இரவே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றிவிட்டார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர் வேறு. படத்தின் அடியில் ஒரு பட்டை: சின்ன மேப், தெருப்பெயர், பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம். ஜிபிஎஸ் கேமரா ஆப்பில் எடுத்த படம்.

சில நாளில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். எங்கள் பிள்ளை ஒருத்தியின் ஊர்க்காரன். அவனை வேண்டாம் என்று சொல்லி, நம்பரை மாற்றி, இன்ஸ்டாகிராம் கணக்கை பிரைவேட் ஆக்கிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள் அவள். எங்கே தங்கியிருக்கிறாள் என்பது சொந்தக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. அவன் என்னிடமே போனை நீட்டி, "இந்த இடம்தானே ஆன்ட்டி?" என்று கேட்டான். அந்தப் பிள்ளை எதையும் போடவில்லை. கூப்பிட்டார்கள் என்று வரிசையில் போய் நின்றாள், அவ்வளவுதான்.

அவனை அனுப்பிவைத்த விதம் நாளிதழில் எழுதத் தக்கதல்ல. அப்புறம் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "நிகழ்ச்சி நடந்ததுக்கு ப்ரூஃப் வேணும்ல மேடம், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார்கள். மறுநாள் படத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குள் யார் யார் ஷேர் செய்தார்கள், யார் சேமித்து வைத்தார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

"எல்லாரும்" என்று அவர்கள் சொன்னது உண்மைதான். அரசு வேலைகளில் இப்படிப் படம் எடுப்பது கட்டாயமாகிப் பல வருடம் ஆகிறது. தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டிய கழிப்பறை, பிரதமர் வீடு திட்டத்தில் எழும்பும் சுவர் எல்லாவற்றுக்கும் இடக்குறியோடு படம் வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை படமெடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி முதல் எங்கும் கட்டாயமானது. கட்டாத கழிப்பறைக்குப் பில் போடும் நாட்டில் அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் காண்டிராக்டருக்கு வைத்த சோதனை இப்போது பள்ளி ஆண்டு விழா, ரத்த தானம், கண் சிகிச்சை முகாம், பிறந்தநாள் அன்னதானம் வரை வந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் சோறு போட்டுவிட்டு அவர்கள் முகத்தையும் இல்லத்தின் இருப்பிடத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

அந்தப் பட்டையில் 11, 79 என்று தொடங்கும் இரண்டு எண்களை யாரும் படிப்பதில்லை. புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் இருக்கும். ஐந்தாவது இலக்கம் ஒன்று மாறினாலே இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகரும். போனின் ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியம் இல்லை, சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் என்ன? எங்கள் கேட்டுக்கு வராமல் பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு வருவான்.

சாதாரண கேமராவில் எடுத்தாலும், லொகேஷன் ஆனில் இருந்தால் படத்துக்குள் இந்த எண்கள் பதிவாகிவிடும். வெளியே தெரியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போது மற்றவர்கள் கண்ணில் படாதபடி அது நீக்கப்பட்டுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் போய்விடும். படம் தெளிவாக வரட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்புகிறார்களே, அப்போது எண்களும் சேர்ந்தே போகும். உள்ளே இருப்பதை இப்படித் துடைக்கவாவது முடிகிறது. ஜிபிஎஸ் கேமராப் பட்டை படத்தின் மேலேயே பச்சை குத்தினது. வெட்டினால்தான் போகும்.

பட்டையே இல்லாவிட்டாலும் தேடுகிறவன் தேடுவான் என்பதும் எனக்குத் தெரியும். 2019இல் ஜப்பானில் ஒரு இளம் பாடகியின் செல்ஃபியில், அவர் கண்ணின் கருமணியில் தெரிந்த பிம்பத்தை வைத்து அது எந்த ரயில் நிலையம் என்று கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் கண்டுபிடித்து, அங்கே காத்திருந்து, வீடுவரை பின்தொடர்ந்து தாக்கினான் ஒருவன். அவர் வீட்டில் எடுத்த வீடியோக்களில் தெரிந்த திரைச்சீலை, வெளிச்சம் விழும் திசை எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தானாம். அவன் அவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது. இங்கே நாம் மேப்போடு கையில் கொடுக்கிறோம்.

பிள்ளைகளுக்கு நான் படம் போடாதே என்று சொல்வதில்லை. மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடற்கரைச் சாலையை நடப்பவர்களுக்கு விடும்போது, காந்தி சிலை அருகில் நின்று படம் எடுக்காமல் எப்படி? அந்த மஞ்சள் சுவர்களும் அவர்களுக்கும் சேர்த்துத்தான். திரும்பி வந்து ரூமில் உட்கார்ந்து போடு, அவ்வளவுதான் என் சட்டம். ஒரு ஸ்டோரி ஒன்றும் செய்யாது. வெள்ளிக்கிழமைதோறும் அதே நேரம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டோரி வந்தால், எந்த பஸ் என்பதுவரை பார்க்கிறவனுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஹெலிபேட் மைதானத்தில் நடக்கும் பாதையை ஆப்பில் பகிர்வதும் அப்படித்தான். ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சி ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகளே தெரிந்துபோய் 2018இல் பெரிய செய்தியானது. அதில் யார் பெயரும் இல்லை.

அப்பாக்களைப் பற்றியும் ஒன்று. மகள் நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டிருக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எட்டு மணி நேரம்வரை வைக்கலாம். முடிந்ததும் மறுபடி போடு என்பார்கள். ராத்திரி பஸ்ஸில் வருகிறாளா, சரி, போடட்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது எதற்கு? பழகிவிட்டால் நாளைக்கு ஒரு நண்பன் கேட்டாலும் கொடுத்துவிடுவாள்.

சட்டத்தையும் விசாரித்தேன். பின்தொடர்ந்து தொல்லை தருவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டுவரை சிறை. ஆனால் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பச் செய்திருக்க வேண்டும். வாசலில் ஒருமுறை வந்து முகவரி கேட்டவனை அதில் சேர்ப்பது சுலபமில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். தனிமனிதர் சொந்தக் காரியத்துக்குச் செய்வதை அந்தச் சட்டம் தொடாது. பயிற்சி நிறுவனமோ கல்லூரியோ விளம்பரத்துக்குப் படம் போடுவது சொந்தக் காரியம் ஆகாது. அந்த அவகாசம் முடிந்ததும் அவர்கள் சம்மதம் கேட்டே ஆக வேண்டும். இப்போதே கேட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை.

கல்வித் துறைக்கு என் கோரிக்கை சிறியது. கோப்புக்கு வேண்டுமானால் ஜிபிஎஸ் படம் எடுங்கள், கோப்பிலேயே வையுங்கள். வெளியே போடும் படத்தைச் சாதாரண கேமராவில் எடுங்கள். விடுதி, பள்ளி, இல்லம் எதுவானாலும் முகமும் இடமும் ஒன்றாகப் போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஐயா. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அனுப்பும் படங்கள் சில சமயம் அந்தப் பட்டையோடே மாவட்டச் செய்திப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அச்சுக்கு அனுப்பும் முன் அடியில் வெட்டிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் விடுதி நடத்துபவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.

(என் பெயரும் விடுதியின் பெயரும் தங்கள் பார்வைக்கு மட்டும், வெளியிட வேண்டாம்.)