பாடியவர் யார் என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திரைப்பாடல்களை இன்றைய இளைஞர்கள் தேடிப்பிடித்துக் கேட்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். நடிகர்கள், இசையமைப்பாளர்கள், கவிஞர்கள் பெயரெல்லாம் அதில் இருந்தன. அந்தப் பாடல்களைப் பாடிய பெண்களின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. இதை அந்தக் கட்டுரையாளர் ஒருவரின் குறையாக நான் கருதவில்லை. பாட்டு பிழைத்துக்கொள்ள, பாடியவர் பெயர் உதிர்ந்துபோவது 1950களின் பாடகிகள் பலருக்கும் நேர்ந்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு தொலைக்காட்சி இசைப் போட்டியில் ‘குங்குமப் பூவே கொஞ்சு புறாவே’ பாடலை ஒரு சிறுமி அருமையாகப் பாடினாள். 1959இல் ‘மரகதம்’ படத்தில் சந்திரபாபுவோடு அதைப் பாடியவர் கே.ஜமுனா ராணி. தொகுப்பாளரோ ‘சுசீலாம்மாவே வந்து பாடியது போல இருந்தது’ என்றார். நடுவர்களில் ஒருவர்கூடத் திருத்தவில்லை. பி.சுசீலா அவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஒரு சொல்லை இழுத்து, முடிக்கும்போது சட்டென்று சுண்டிவிடுகிற துடுக்கு ஜமுனா ராணிக்கே உரியது. காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு அதில் குழப்பம் வராது. 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தில் ‘மலர்ந்தும் மலராத’ சுசீலாவுக்கும், ‘வாராயென் தோழி’ எல்.ஆர்.ஈஸ்வரிக்கும், ‘பாட்டொன்று கேட்டேன்’ ஜமுனா ராணிக்கும் போயின என்றால், எந்தக் குரலுக்கு எது பொருந்தும் என்று விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் தெரிந்துதான் கொடுத்தார்கள்.

ஜிக்கி என்ற பெயரில் பாடிய பி.ஜி.கிருஷ்ணவேணியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஞானசௌந்தரி’ (1948) படத்தில் ‘அருள் தாரும் தேவமாதாவே’ என்ற பாடல் சிறுமியின் குரலில் தொடங்கும்; பாட்டின் நடுவிலேயே அந்தச் சிறுமி வளர்ந்து குமரியாகிவிட, பி.ஏ.பெரியநாயகியின் குரல் அங்கிருந்து பாட்டை ஏந்திக்கொள்ளும். சிறுமிக்காகப் பாடிய ஜிக்கியும் அப்போது சிறுமிதான். இரண்டே ஆண்டுகளில், ‘மந்திரிகுமாரி’யில் திருச்சி லோகநாதனோடு ‘வாராய் நீ வாராய்’ பாடினார். மலையுச்சிக்கு அழைத்துப்போகிற கணவனின் வஞ்சகம் அறியாத மனைவியின் வெள்ளை மனத்தைப் பதின்ம வயதே தாண்டாத ஒரு பெண்ணின் குரல் அங்கே சுமந்து நிற்கிறது. ‘கல்யாணப் பரிசு’ படத்தின் ‘துள்ளாத மனமும் துள்ளும்’ பாடலும் அவருடையதுதான் என்று என் உறவினர் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னபோது நம்ப மறுத்தார்கள்.

எம்.எஸ்.ராஜேஸ்வரியின் கதை இன்னும் மனத்தைத் தைக்கிறது. 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் குமாரி கமலாவுக்காக ‘மகான் காந்தி மகான்’ பாடியவர். ‘பராசக்தி’யின் ‘ஓ ரசிக்கும் சீமானே’ அவர் பாடியது. பிறகு குழந்தைக்குரல் என்றாலே ராஜேஸ்வரி என்றாயிற்று. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசன் கைகூப்பி ‘அம்மாவும் நீயே அப்பாவும் நீயே’ என்று பாடியதைக் கண்டு கலங்காத வீடு இல்லை. அந்த மழலை ஏறக்குறைய முப்பது வயதுப் பெண்மணியின் மழலை. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அதே சிறுவன் கதாநாயகனாகிவிட்ட ‘நாயகன்’ படத்தில், ‘நான் சிரித்தால் தீபாவளி’ பாடலுக்கு இளையராஜா ராஜேஸ்வரியையும் ஜமுனா ராணியையும் தேடி அழைத்தார். கதை நடக்கும் காலத்தின் வாசனையை வேறு எந்தக் குரலாலும் கொண்டுவந்திருக்க முடியாது. மறந்த பாடகியை மீட்பது என்றால் என்ன என்பதை அந்த ஒரு பாடலே செய்து காட்டிவிட்டது.

‘தேவதாஸ்’ (1953) படத்தில் ‘எல்லாம் மாயைதானா’ என்று உருகிய கே.ராணி அப்போது பள்ளிச் சிறுமி. அவரும் ராஜேஸ்வரியும் 2018ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளிக்குள் மறைந்தார்கள்.

பின்னணி என்ற சொல்லிலேயே மறைவு இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். ‘ஸ்ரீவள்ளி’ (1945) படத்தில் நடிகை ருக்மிணி பாடியவற்றுக்குப் பதிலாகப் பெரியநாயகியின் குரலைச் சேர்த்த நாளிலிருந்தே, முகம் ஒருவருக்கும் குரல் இன்னொருவருக்குமாகப் பழகிவிட்டோம் என்பது உண்மைதான். ஆனாலும் அன்று பெயரைச் சொல்ல ஓர் இடம் இருந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடு பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் பெயர்களையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். என் அக்கா வானொலிப் பெட்டிக்குக் கீழே பாயை விரித்து அமர்ந்து, நாற்பது பக்க நோட்டில் அவற்றைப் பென்சிலால் எழுதிக்கொண்டே வருவார். பாட்டு தொடங்கியபின் வானொலியைத் திருப்பியிருந்தால் பாடியவர் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பார். மறுபடி ஒருநாள் அந்தப் பாட்டு வரும்போது பெயரைக் கேட்டு, குறியை அழித்துவிட்டு நிரப்புவார். இன்று என் கைப்பேசியில் ‘யாரடி நீ மோகினி’ ஒலிக்கும்போது திரையில் டி.எம்.சௌந்தரராஜன் பெயர் மட்டும் வருகிறது. அவரோடு பாடிய ஜிக்கி, ஏ.பி.கோமளா, ஜமுனா ராணி யாருக்கும் அதில் இடமில்லை. ஒரு வரி கூடுதலாக எழுதுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இதைச் சலுகையாகக் கேட்கவும் தேவையில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, தம் நிகழ்த்துதலுக்குத் தாமே உரியவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கலைஞருக்கு அளிக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களைத் திருத்த வேண்டும். இசைத்தட்டுகளின் நடுவே ஒட்டிய தாளும், திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் சேகரிப்பாளர்கள் பலரிடம் இன்னும் இருக்கின்றன. சரிபார்க்க அவை போதும். பழைய பாடலைப் பற்றி எழுதும்போதெல்லாம் பாடியவர் பெயரையும் சேர்ப்பது என்ற வழக்கத்தைத் தங்கள் நாளிதழே தொடங்கிவைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா இன்று இல்லை. அவருடைய நோட்டுகள் மூன்று என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. முறையான பட்டியல் ஒன்றைத் தயாரிக்க யார் முன்வந்தாலும், அவற்றை நகலெடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.