எட்டு மணிக்கு வருகிறவர்களுக்கு

அன்பு மகள் மதிக்கு,

மதுக்கூடத்தில் டிஜேயாகப் போடுவதற்காக நீ பாட்டோடு பாட்டைக் கலந்து அனுப்பிய ஒரு மணி நேர மிக்ஸை ஹெட்ஃபோனிலும் கேட்டேன், ஹாலில் இருக்கும் பழைய ஸ்பீக்கரிலும் போட்டுக் கேட்டேன். ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் அதே பாட்டுதான் ஓடுதா?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் நான் உனக்கு எழுத நினைத்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பீட் எங்கேயும் பிசகவில்லை. ஒருத்தர் பாடும்போது இன்னொருத்தர் குரல் குறுக்கே வரவில்லை. பாட்டுத் தேர்வில் உன் காது நன்றாக வளர்ந்திருக்கிறது. இருபதாவது நிமிடம் வாக்கில் வருகிற அந்த ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ டிராக்கை நான் இதுவரை கேட்டதே இல்லை, பெயரை எழுதி அனுப்பு. குறை என்னவென்றால், எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்திப் போகிறது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை 122 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 122 அடி. சாஃப்ட்வேர் சுருதிகளுக்கு எண் போட்டுக் காட்டும் சக்கரத்தில் 8ஏ, 9ஏ, மறுபடி 8ஏ. ஒவ்வொரு மாற்றமும் 32 பார் (நான்கு அடி ஒரு பார்), அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடம். அடுத்த மாற்றம் எப்போது வரும் என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிக்ஸ் முடிந்தபோது, கிளம்பின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நீ போடும் இந்த டீப் ஹவுஸ் நடன இசையில் ஒட்டுப்போட்ட இடம் கேட்கிறவருக்குத் தெரியக்கூடாது. அது உனக்குக் கைவந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "எப்போது இங்கே வந்து சேர்ந்தோம்?" என்று அவருக்குத் தோன்றவும் வேண்டும். அதுதான் இன்னும் வரவில்லை.

அந்த மதுக்கூடத்தில் உனக்குக் கொடுத்திருப்பது இரவு எட்டிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுகிறவர்கள், மெனுவைப் புரட்டுகிறவர்கள், இன்னும் வந்து சேராத நண்பருக்கு போன் போடுகிறவர்கள். யாரும் ஆட வரவில்லை, அவர்களை ஆட வைப்பது உன் வேலையும் இல்லை. நான் இங்கே ஹோட்டல் டிஸ்கோவில் ரெக்கார்டு போட்ட காலத்தில் முதல் மணி நேரத்துக்கு யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள், புதுப் பையன்களிடம் தள்ளிவிடுவார்கள். எனக்கோ அதுதான் பிடிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு எதைப் போட்டாலும் ஆடுவார்கள். எட்டு மணிக்கு ஒருவர் பேச்சை நிறுத்தாமலே காலால் தாளம் போட ஆரம்பித்தால், அது முழுக்க நீ செய்த வேலை. (எங்களுக்கு மேனேஜர் ஓடிவந்து புதுப் படப் பாட்டைப் போடச் சொல்வார். அந்தத் தொல்லை உனக்கு இருக்காது என்று நம்புகிறேன்.)

அதனால் எடுத்த எடுப்பிலேயே கிக், அதாவது அந்தக் கனமான டிரம் அடி, வேண்டாம். முதல் இரண்டு மூன்று நிமிடம் வெறும் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), கொஞ்சம் சலசலக்கும் ஷேக்கர், அவ்வளவுதான். கிக் இல்லாமல் பழகின காதுக்குத்தான் கிக் வந்தது தெரியும்.

நீ இருக்கிற சிகாகோவிலேயே இந்த ஹவுஸ் இசை பிறந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206ஆம் எண் கட்டடத்தைப் போய்ப் பார்த்தாயா? அதுதான் 'வேர்ஹவுஸ்' கிளப் இருந்த இடம். நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977 முதல் அங்கே ரெக்கார்டு போட்டார். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அவர்களிலும் தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம். 2004இல் அந்தத் தெருவுக்கு கௌரவமாக அவர் பெயரைச் சூட்டினார்கள். 2023இல் அந்தக் கட்டடத்தையே பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது மாநகராட்சி.

இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. 1979 ஜூலையில் அதே சிகாகோவில், பேஸ்பால் மைதானத்தின் நடுவே டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ மவுசு இறங்கிய பிறகு பெரிய கம்பெனிகள் அதைக் கைவிட, புது ரெக்கார்டு வரத்தும் குறைந்துபோனது. நக்கிள்ஸ் இருக்கிற பாட்டையே ரீல் டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார். கூட்டம் எந்த இடத்தில் கிறங்குகிறதோ, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அவர்கள் தங்க விரும்பிய இடத்தில் தங்கவிட்டார் என்று வைத்துக்கொள். நீயோ அந்த ரோட்ஸ் டிராக்கை விட்டு நாலரை நிமிடத்திலேயே வெளியே வந்துவிட்டாய். பியானோ அப்போதுதான் வாயைத் திறந்திருந்தது.

ஹவுஸ் இசைக்காரர் லாரி ஹேர்டையும் இந்தக் காதோடு மறுபடி கேள். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் 1986இல் அவர் கொண்டுவந்த 'கேன் யூ ஃபீல் இட்' உனக்கு மனப்பாடமாக இருக்கும். ஜூனோ-60 சிந்தசைசரில் ஒரு பேஸ் (கீழ்ச்சத்தம்), அதன்மேல் கார்ட்ஸ். அதில் உச்சக்கட்டம் என்று ஒன்று வருவதே இல்லை, கவனித்திருக்கிறாயா? ஒரு சத்தம் வரும், ஒன்று போகும். இத்தனைக்கும் மனிதர் டிரம்மர். தன் வாத்தியத்தை இப்படிப் பின்னால் உட்கார வைத்த டிரம்மர்கள் குறைவு.

சரி, அந்த ரோட்ஸ் டிராக்குக்கே வருகிறேன். அடுத்ததை அதற்குள் இப்படிக் கொண்டுவந்து பார். மிக்சரில் புது டிராக்கின் பேஸ் நாபை முழுக்க இடதுபக்கம் திருப்பி மூடிவிடு. மிட்டையும் (நடுச்சத்தம்) மூடு, ஹையை (மேல்சத்தம்) பாதிக்குக் குறைத்துக்கொள். சத்தம் கூட்டும் ஃபேடரை மெல்ல ஏற்று. ஷேக்கர் ஒன்று கூடியிருக்கிறது என்பதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது. 16 பார் அப்படியே போகட்டும், கை பரபரக்கும், விட்டுவிடு. பிறகு மிட்டைத் திறந்தால் புது டிராக்கின் கார்ட்ஸ் பியானோவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். இப்போது இரண்டு கையும் இரண்டு பேஸ் நாபில். புதுச் சுற்று தொடங்கும் முதல் அடியில் பழையதை மூடு, புதியதைத் திற. இரண்டு பேஸ் ஒன்றாக ஓடினால் கீழ்ச்சத்தம் கலங்கி, கிக் தொய்ந்துவிடும் என்பது உனக்குத் தெரியும், அதைச் சரியாகவே செய்கிறாய். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய ஒரு பாரைப் பற்றி. பழைய பேஸை நான்கு அடி முன்னாலேயே எடுத்துவிடு. 120 பிபிஎம்மில் ஒரு பார் என்பது சரியாக இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடி கீழ்ச்சத்தம் ஒன்றுமே இருக்காது. என்ன குறைகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது, ஆனால் புது பேஸ் வந்து விழும்போது தலை தானாக ஆடும். பியானோவை உடனே அனுப்பிவிடாதே, புது பேஸின் மேல் இன்னும் 32 பார் அது வாசித்துக்கொண்டிருக்கட்டும். மற்ற மாற்றங்களிலும் இதையே செய்து வைக்காதே. ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு தடவைக்கு மேல் போனால் வித்தை ஆகிவிடும்.

முப்பத்து நான்காவது நிமிடத்தில் இரண்டு டிராக்கும் சேர்ந்து ஓடும்போது ஹை-ஹேட் (டிரம் செட்டின் தாளத் தட்டு) நெருடுகிறது. சிங்க் பட்டனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது கிக்கைக் கிக்கோடு சேர்த்துவைக்கும். கிக்குகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன அடிகள் எவ்வளவு சாய்ந்து விழுகின்றன என்பது அதன் கணக்கில் இல்லை. எம்பிசி டிரம் மெஷின் கணக்கில் ஸ்விங், அதாவது அந்தச் சாய்வு, 50 சதவீதம் என்றால் நேர்நடை, 66 என்றால் கிட்டத்தட்ட திஸ்ரம். ஒன்று 52இலும் மற்றது 60இலும் நடந்தால், கிக் ஒன்றாக விழும், நடை இரண்டாக இருக்கும். ஒன்றின் ஹையை வெட்டு, இல்லையென்றால் அந்த இடத்தில் எட்டே பாரில் மாறிவிடு. எல்லாவற்றுக்கும் 32 பார் என்ற பழக்கத்தை உடைக்க நல்ல சாக்கு.

அப்புறம் அந்தச் சக்கரம். பக்கத்து எண்ணுக்குப் போனால் சுருதி இடிக்காது என்பது உண்மைதான். 8ஏ என்றால் ஏ மைனர், 9ஏ என்றால் ஈ மைனர். ஆனால் ஒரு மணி நேரமும் அந்த இரண்டுக்குள்ளேயே சுற்றினால் மனநிலை எப்படி மாறும்? சாஃப்ட்வேர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். டீப் ஹவுஸ் முழுக்க கூடுதல் சுரம் சேர்ந்த செவன்த், நைன்த் கார்ட்ஸ். ஏ மைனர் செவன்த்தை எடுத்துக்கொள், அதற்குள்ளேயே சி மேஜர் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. மெஷின் குழம்பத்தான் செய்யும்.

நாற்பதாவது நிமிடத்தில் துணிந்து ஒரு தாவு தாவு, 8ஏ-யிலிருந்து 3ஏ-வுக்கு. சக்கரத்தில் பார்த்தால் எங்கேயோ இருக்கிறது. காதுக்கு அது அரைச்சுரம் மேலே, ஏ மைனரிலிருந்து பி ஃப்ளாட் மைனர். ஒன்றின்மேல் ஒன்று போட்டுக் கலந்தால் நாராசமாக இருக்கும். பழைய டிராக்கின் கடைசியில் டிரம்ஸ் மட்டும் ஓடும் பகுதி இருக்குமே, அதுவரை காத்திரு. சுரமே இல்லாத அந்த 16 பாரில் காதில் பழைய சுருதியின் பிடி தளரும். அப்போது புது கார்டை இறக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் வேறு எந்த இடத்தையும்விட இதற்காக நான் மெனக்கெடுவேன். இதற்கு இரண்டு பக்கமும் சக்கரப்படியே போனாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தாவலால் மிக்ஸ் இரண்டு பாதியாகிவிடும், இரண்டாம் பாதிக்கு வேறு வெளிச்சம் வந்துவிடும்.

வேகத்தை 118இல் தொடங்கி 122இல் முடி. டிராக்குக்கு அரை பிபிஎம் வீதம், அதுவும் ஒரு டிராக் தனியாக ஓடும் நேரத்தில் ஏற்றினால் யாருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு சதவீத மாற்றத்துக்கு, வேகம் மாறினாலும் சுருதியைப் பிடித்துவைக்கும் கீ லாக் தேவையில்லை, போட்டால் கிக்கின் முனை மழுங்குகிறது. அரைச்சுரம் ஏற வேண்டுமானால் ஏறத்தாழ 6 சதவீதம் கூட்ட வேண்டும். நீண்ட நேரம் சேர்ந்து ஓடப்போகும் இரண்டில் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் விலகி இருந்தால் மட்டும் கீ லாக் போட்டுக்கொள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால், "வர்ணத்தில் ஆரம்பித்து, நடுவில் கனமாக ஒன்று பாடி, துக்கடாவில் முடிக்கிற கச்சேரி கணக்குதானே?" என்கிறாள். பாதி சரி. கச்சேரியில் ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் கைதட்டுவார்கள், பாடகர் ஒரு வாய் வெந்நீர் குடிப்பார், அதற்குள் காது ஓய்ந்து அடுத்ததற்குத் தயாராகிவிடும். உனக்கு அந்த ஓய்வு கிடையாது. அதை நீயே மிக்ஸுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வு என்றதும் டேவிட் மான்கூசோ ஞாபகம் வருகிறார். 1970இல் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே 'லாஃப்ட்' விருந்துகளைத் தொடங்கியவர். பிற்காலத்தில் மிக்சிங்கையே விட்டுவிட்டு, ஒவ்வொரு ரெக்கார்டையும் முதலிலிருந்து கடைசிவரை முழுதாக ஓடவிட்டார். நடுவே மௌனம் வந்தால் வரட்டும் என்று இருந்தார். கூட்டம் கலையவில்லை, அடுத்தது எது என்ற தேர்வே அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. நீ இப்படிச் செய்தால் மதுக்கூடக்காரர் கோபித்துக்கொள்வார். ஆனால் வீட்டில் ஒரு நாள், உன் டிராக்குகளைக் கலக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முழுதாக ஓடவிட்டுக் கேள். அப்போதும் ஏதோ நகர்கிறது என்று பட்டால் வரிசை சரி. படவில்லை என்றால் எந்த நாபும் காப்பாற்றாது, வரிசையைக் கலைத்துப்போடு.

கடைசியில் வைத்திருக்கிறாயே, அந்தப் பெரிய குரல் பாட்டு, அதை எடுத்துவிடு கண்ணு. அருமையான பாட்டு, எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு உனக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். அறையின் மொத்த மூச்சையும் நீ வாங்கிவிட்டால் அவர் எங்கே தொடங்குவார்? டிரம்ஸ் நிறைந்த, குரலில்லாத, கடைசி இரண்டு நிமிடமும் தாளம் மட்டும் ஓடுகிற ஒன்றைப் போட்டுவிட்டு இறங்கு. இப்படி இறங்குகிறவர்களை மற்ற டிஜேக்கள் நினைவில் வைத்திருப்பார்கள், அடுத்த தடவை தாங்களே கூப்பிடுவார்கள். அந்தப் பாட்டுக்கு வேறொரு ராத்திரி வரும்.

ரெக்கார்டிங்கில் பல இடங்களில் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும், கிக் நசுங்கிக் கேட்கிறது. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள், சத்தத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். திருத்தின பிறகு எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாகவே அனுப்பு. அந்த முப்பத்து நான்காவது நிமிட ஹை-ஹேட் நெருடுவதில் பாதி எம்பி3யின் வேலையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ரோட்ஸ் டிராக்கின் பெயரை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா