பாரை நேராக வைத்தால் என்ன கிடைக்கும்?

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்தது. பழைய கிட்டாரின் நட்டை (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டையை) உயர்த்தி மடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாய், அடுத்து 22.5 அங்குல ஸ்கேலில் (நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள தந்தி நீளம்), பார் என்ற இரும்புத் துண்டைத் தந்திமேல் சறுக்கி வாசிக்கும் லேப் ஸ்டீலே வாங்கப்போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. எந்த ட்யூனிங்கில், அதாவது எந்தத் தந்திக்கு எந்த ஸ்ருதி வைத்து, தொடங்குவது என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதில் அப்படி ஒரு வரியில் அடங்காது, நிதானமாகப் படி.

முதலில் அந்த அறுந்த தந்தி. இ6 என்ற ட்யூனிங்குக்காக முதல் தந்தியை ஜி ஷார்ப் வரை ஏற்றினாய், கேஜ் 10 (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு தடிமன்) அறுந்தது. மெல்லியதாக 9 போட்டாய், அதுவும் போனது. இதில் உன் கைத்தவறு எதுவும் இல்லை. மெல்லிய தந்திக்கு அதே ஸ்ருதியில் இழுவிசை குறைவுதான், ஆனால் தாங்கும் வலுவும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. அதனால் சுற்றுக்கம்பி இல்லாத பிளெயின் தந்தி எந்த ஸ்ருதியில் அறும் என்பதைத் தடிமன் தீர்மானிப்பதில்லை. ஸ்கேல் நீளம்தான் தீர்மானிக்கிறது. உன் கிட்டார் 25.5 அங்குலம். அந்த நீளத்தில் மேல் ஜி ஷார்ப் என்பது எஃகு தாங்கும் எல்லையின் ஓரம். பன்னிரண்டு தந்தி கிட்டாரில் மேல் ஜி அடிக்கடி அறுவதும் இதனால்தான். 22.5 அங்குலத்தில் அதே ஜி ஷார்ப், 25.5-இல் எஃப் ஷார்ப் வைப்பதற்குச் சமம். புதியது வந்த பிறகு 11 அல்லது 12 கேஜில் ஜி ஷார்ப்பைத் தாராளமாக வைக்கலாம். அதுவரை அந்தக் கிட்டாரில் வேண்டாம்.

கிட்டாரில் இப்போதைக்கு ஓப்பன் டி வை, பார் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் கார்டு வரும் ட்யூனிங் அது. தாழ்ந்த ஆறாவது தந்தியிலிருந்து எழுதுகிறேன், கடிதம் முழுக்க ஸ்வரங்களுக்கு இதே வரிசைதான், செட்டின் தடிமன்களை மட்டும் முதல் தந்தியிலிருந்து எழுதுகிறேன்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகள் இரண்டு அரைச்சுரம் (ஓர் அரைச்சுரம் என்பது ஒரு ஃப்ரெட் அளவு) இறங்கும், மூன்றாவது ஓர் அரைச்சுரம் இறங்கும், மற்ற இரண்டும் இருந்தபடியே. எதுவும் ஏறவில்லை என்பதால் கழுத்துக்கும் பிரிட்ஜுக்கும் பாரம் கூடாது. இழுவிசை குறைவதை ஈடுகட்ட 13–56 செட் போடு. தந்தி தொய்ந்திருந்தால் பார் அழுந்தும் இடத்தில் ஸ்ருதி ஏறிவிடும். கனமான தந்தி பாரைத் தாங்கி நிற்கும்.

ஓப்பன் இ-யும் இதே அமைப்புதான், எல்லாம் இரண்டு அரைச்சுரம் மேலே. டோப்ரோக்காரர்கள் (உலோகக் கூம்பு பொருத்திய கிட்டார் வாசிப்பவர்கள்) வைக்கும் ஓப்பன் ஜி, அதாவது ஜி, பி, டி, ஜி, பி, டி-யைச் சாதாரண கிட்டார் செட்டில் வைத்துப் பார்க்காதே. ஆறாவது தந்தி மூன்று அரைச்சுரம் ஏற வேண்டும், ஐந்தாவது இரண்டு. ஓர் அரைச்சுரம் ஏறினால் இழுவிசை 12 சதவீதம் கூடும், இரண்டு ஏறினால் 26, மூன்று ஏறினால் 41. அறாவிட்டாலும் மற்ற தந்திகள் தளர்வாகவும் அவை இரண்டும் விறைப்பாகவும் நிற்கும், பார் சமமாக உட்காராது. இந்த ட்யூனிங்குக்கு என்றே 16, 18, 26, 36, 46, 56 என்று தனி செட் உண்டு. கையில் இருக்கும் தந்தியிலிருந்து கணக்குப் போட ஒரு வழி: இழுவிசை மாறாமல் இருக்க, ஏற்றும் ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் தடிமனை ஏறக்குறைய 6 சதவீதம் குறைக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிட்டாரில் இடது கைக்கு நான்கு விரல்கள் உண்டு, ஆறு தந்தியிலும் வேறு வேறு ஃப்ரெட்டைப் பிடிக்கலாம். இங்கே இருப்பது ஒரே ஓர் இரும்பு, அதுவும் நேர்க்கோடு. ஹவாயில் ஜோசப் கெகுகு 1889 வாக்கில் இரும்பைத் தந்திமேல் சறுக்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வாத்தியத்தின் கட்டுப்பாடு இதுதான். ஆகவே ட்யூனிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பாரை நேராக வைத்தால் எந்தெந்தத் தந்திகள் சேர்ந்து எந்தக் கார்டைத் தரும்? அதில் கிடைக்காததை எல்லாம் பாரைச் சாய்த்தோ, தந்தியை விட்டுவிட்டோ, பேஸ் வாசிப்பவரை நம்பியோதான் பெற முடியும்.

ஓப்பன் டி, ஓப்பன் ஜி இரண்டிலும் நேர் பாருக்கு மேஜர் கார்டு மட்டும்தான். ஆறு தந்தியையும் ஒரே வீச்சில் மீட்டலாம், தப்பே வராது. புளூஸுக்கும் நாட்டுப்புறப் பாட்டுக்கும் அது பெரிய பலம். மைனர் வந்தால் இரண்டு வழி. ஓப்பன் டி-யில் 6, 5, 4 தந்திகளில் டி, ஏ, டி மட்டும் இருக்கின்றன. மூன்றாம் ஸ்வரம் இல்லாததால் மேஜர், மைனர் இரண்டுக்கும் ஒத்துப்போகும். மற்றொரு வழி, மைனரின் வேர் ஸ்வரத்திலிருந்து (கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்) மூன்று ஃப்ரெட் மேலே உள்ள மேஜரைப் பிடிப்பது. பேஸ் ஏ-யில் நிற்கும்போது நீ சி மேஜர் பிடித்தால் கேட்பவர் காதில் விழுவது ஏ மைனர் ஏழு. தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் இல்லாததால் இது வேலை செய்யாது, வெறும் சி மேஜராகவே கேட்கும். அதை மறந்துவிடாதே.

புதிய 22.5-க்கு நான் சொல்வது சி6: சி, இ, ஜி, ஏ, சி, இ. இதை வைக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம், ஒரே ஃப்ரெட்டில் மேஜரும் மைனரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. 6, 5, 4 தந்திகள் சி மேஜர். 3, 2, 1 தந்திகள் ஏ மைனர். ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் போனால் அதே தந்திகளில் எஃப் மேஜரும் டி மைனரும். 4, 2, 1 என்று மூன்றாவதை விட்டுவிட்டு எடுத்தால் மறுபடியும் மேஜர், உயரத்தில். ஆறையும் சேர்த்து, பேஸை எஃப்-பில் நிற்கச் சொல்லிவிட்டு ஓப்பனாக மீட்டிப் பார். எஃப் மேஜர் ஒன்பது வரும், அப்படி ஒரு விரிவு.

முதலையும் சேர்த்து எண்ணினால் ஆறாவதாக நிற்கும் ஸ்வரத்தோடு சேர்த்து மீட்டும் ஆறாம் இடைவெளிகளில்தான் சி6 தன் அழகைக் காட்டுகிறது. ஐந்தாவதும் இரண்டாவதும் தந்திகள் சேர்ந்தால் மைனர் ஆறாம் இடைவெளி, நான்காவதும் முதலாவதும் சேர்ந்தால் மேஜர் ஆறாம் இடைவெளி. சி மேஜர் ஸ்வர வரிசையில் இப்படிப் போ: ஓப்பனில் 5–2, ஓப்பனில் 4–1, பிறகு 5–2-ஐ ஐந்தாம் ஃப்ரெட்டிலும் ஏழாம் ஃப்ரெட்டிலும், அடுத்து 4–1-ஐ ஐந்திலும் ஏழிலும், பின் 5–2 பன்னிரண்டில், 4–1 பத்தில், கடைசியாக 4–1 பன்னிரண்டில். எங்கேயும் பாரைச் சாய்க்கத் தேவையே இல்லை. இதே வேலையை ஓப்பன் ஜி-யில் 4, 2 தந்திகளில் செய்வதென்றால் ஓப்பனில் நேர், அடுத்து நான்காவதில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாவதில் முதல் ஃப்ரெட் என்று பின்சாய்வு, மறுபடியும் நான்கு–மூன்றில் பின்சாய்வு, அப்புறம்தான் ஐந்தாம் ஃப்ரெட்டில் நேர். டோப்ரோவில் இதைக் கேட்க அருமையாக இருக்கும், ஆனால் கைக்கு மாதக்கணக்கில் வேலை.

சாய்வைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பாரின் மூக்கு முதல் தந்திப் பக்கம் இருக்கும். மூக்கு பிரிட்ஜை நோக்கிப் போனால் முன்சாய்வு, நட்டை நோக்கிப் போனால் பின்சாய்வு. 22.5 அங்குலத்தில் முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 30 மில்லிமீட்டர், தந்திகளுக்கு இடையே 9 அல்லது 10 மில்லிமீட்டர்தான். அடுத்தடுத்த இரண்டு தந்திகளில் சாய்க்கப் போனால் பார் கிட்டத்தட்ட தந்தியோடு தந்தியாகப் படுத்துவிடும். நடுவில் ஒரு தந்தியை விட்டுச் சாய்த்தால் கைக்கு அடங்கும், ஆனால் அந்த நடுத் தந்தி இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் சுரத்தில் நிற்கும். அதை மீட்டாதே, மீட்டினாலும் வலக்கை விரலால் அமுக்கு. பத்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே இடைவெளி 18 மில்லிமீட்டருக்கு வந்துவிடும், பழகுவதை அங்கே தொடங்கு.

சி6-இல் இல்லாதது டாமினன்ட் ஏழு, அதாவது ஏ7, டி7 போன்ற கார்டு. நேர் பாரில் எந்த மூன்று தந்தியை எடுத்தாலும் அது வராது. இதற்கு ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்ட் போன்றவர்கள் வாசித்த வழி, ஆறாவது தந்தி சி-யை சி ஷார்ப்பாக ஏற்றுவது. உடனே 6, 5, 4, 3 தந்திகள் சி ஷார்ப், இ, ஜி, ஏ, அதாவது ஏ7. ஐந்தாம் ஃப்ரெட்டில் டி7, பத்தாவதில் ஜி7. இதற்கு விலையாகக் கீழ் வேர் போய்விடும், ஆறாவதையும் இரண்டாவதையும் சேர்த்து மீட்டினால் சி-யும் சி ஷார்ப்பும் மோதும். ஏழு கார்டு நிறைய வரும் பழைய மெட்டுகளுக்கு இதை வை, மற்றதற்கு வெறும் சி6 போதும். ஒரே தந்தியில் ஓர் அரைச்சுரம்தான், பாட்டுக்கு நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

சி6-இன் குறையையும் மறைக்க மாட்டேன். ஆறையும் அள்ளி மீட்டினால் எந்தப் பாட்டும் ஹவாய்ப் பாட்டாகிவிடும். தேவையான இரண்டு மூன்று தந்தியை மட்டும் எடுத்து, மீதியை உள்ளங்கையால் அடைக்கத் தெரிய வேண்டும். பாருக்குப் பின்னால் இடக்கையின் கடைசி இரண்டு விரல்கள் எப்போதும் தந்தியைத் தொட்டபடி இருக்கட்டும், இல்லாவிட்டால் நட்டுப் பக்கத்திலிருந்து வேறொரு ஸ்ருதி முனகும். இப்படித் தந்தி எடுக்கும் தெளிவு வரும்வரை ஓப்பன் டி-யைக் கைவிடாதே. கை வலிக்காமல் வாசிக்க முடிகிறதே, அதற்காகவாவது வைத்திரு.

சி6 செட்: 15, 18, 20 பிளெயின், 26, 30, 38 சுற்றுக்கம்பி உள்ளவை. 22.5 அங்குலத்தில் முதல் தந்தி 28 பவுண்டு, மற்றவை 22 முதல் 26 பவுண்டுக்குள் நிற்கும், பாருக்கு எல்லாம் ஒரே மாதிரி எதிர்ப்பு கொடுக்கும். போட்டதும் நட்டைப் பார். கிட்டார் செட்டுக்கு வெட்டிய பள்ளத்தில் 46 இருந்த இடத்தில் 38 உட்கார்ந்தால் கீழே இறங்கிவிடும், அந்தத் தந்தி மட்டும் பாருக்கு அடியில் கரகரக்கும். தந்திகளின் மேல்முகம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அடிமுகம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. பாரை நட்டருகே லேசாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எது தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தற்காலிகமாகப் பள்ளத்தில் மெல்லிய காகிதத் துண்டு வைக்கலாம், நிரந்தரத்துக்குப் புது நட்டுதான்.

ட்யூனர் எல்லாம் பச்சையாகக் காட்டியும் கார்டு இனிக்கவில்லை என்றாயே, அதன் காரணம் மேஜர் மூன்றாம் ஸ்வரம். ட்யூனர் காட்டுவது 400 சென்ட் (ஓர் அரைச்சுரம் நூறு சென்ட்), இயற்கையான மூன்றாம் ஸ்வரம் 386. பியானோவில் அதைப் பொறுத்துக்கொள்வோம், நீண்டு ஒலிக்கும் லேப் ஸ்டீலில் அலை அடிப்பது நன்றாகக் கேட்கும். ஓப்பன் டி-யில் எஃப் ஷார்ப்பை ட்யூனர் புள்ளிக்கு 14 சென்ட் கீழே இறக்கு, கார்டு படக்கென்று ஒட்டிக்கொள்ளும். சி6-இல் இரண்டு இ-க்களையும் 14, ஏ-யை 16 இறக்கினால் சி மேஜரும் ஏ மைனரும் இரண்டும் சுத்தமாக இருக்கும். ஆனால் கீபோர்டோடு வாசிக்கும் நாளில் இவ்வளவு இறக்கினால் அவரோடு சேராது, பாதியோடு நிறுத்து.

ட்யூனிங் மாற்றும்போது இறக்க வேண்டியதை முதலில் இறக்கிவிட்டு, பிறகு ஏற்று. தேவையான ஸ்ருதிக்குக் கீழே போய் மேலே ஏற்றியே நிறுத்து, மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்கில் மிச்சமிருக்கும் தளர்ச்சி இரண்டு பாட்டுக்குள் வெளியே வரும். ஒன்றை மாற்றினால் கழுத்து அசைந்து மற்றவையும் நகரும், ஆகவே இரண்டாவது சுற்று கட்டாயம். இன்னொன்று, பக்கத்துப் பக்கத்து ட்யூனிங்குகளுக்கு இடையே மட்டும் மாறு. ஓப்பன் டி-யின் இரண்டாவது தந்தி ஏ-யை பி-யாக ஏற்றினால் டி6 கிடைக்கும், மூன்றாவதை எஃப்-க்கு இறக்கினால் டி மைனர். ஓப்பன் டி-யிலிருந்து சி6-க்கு ஒரே தந்திகளில் தாவ முடியாது, கீழ்த் தந்தி டி-யிலிருந்து அதற்கு மேல் ஸ்தாயி சி-க்கு, பத்து அரைச்சுரம் ஏற வேண்டும். ஒரு காலத்தில் எட்டுத் தந்திக் கழுத்துகளை இரண்டு, மூன்று என்று ஒரே பலகையில் அடுக்கியதும், பின்னால் பெடலை மிதித்துத் தந்தியின் ஸ்ருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் பிறந்ததும், இந்தத் தாவலுக்காகத்தான். உனக்கு இரண்டு வாத்தியம் இருக்கிறது. கிட்டார் ஓப்பன் டி-யிலும் புதியது சி6-இலும் நிலையாக நிற்கட்டும்.

கடைசியாக, சாதாரண கிட்டாரின் மேல் நான்கு தந்திகள் டி, ஜி, பி, இ. அது ஜி6-தான். நீ இத்தனை வருடம் விரலால் பிடித்த அந்த நான்கு தந்தி அமைப்பேதான் சி6-இன் மேல் நான்கும், ஐந்து அரைச்சுரம் மேலே, வரிசை மட்டும் மாறியிருக்கும்: டி, ஜி, பி, இ என்பது ஐந்து மேலே ஜி, சி, இ, ஏ ஆகும், அதே நான்கு ஸ்வரங்கள். பழைய அறிவு வீணாகாது என்று சொல்லத்தான் இது.

பாரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆறு தந்திக்கு 3 அங்குல நீளமும் முக்கால் அங்குல விட்டமும் போதும், மூக்கு உருண்டையாக இருக்கட்டும். நட்டில் எந்தத் தந்தி தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து எழுது, அதற்கேற்ப பள்ளத்தின் அளவைச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்