செத்து மிதக்கும் மீனை ஆய்வுக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்ணையிலோ ஏரியிலோ மீன் சாகத் தொடங்கினால், மிதப்பதைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் முளைப்பது பெரும்பாலும் செத்தபின் பெருகிய நீர் பாக்டீரியாதான். உயிரோடு தள்ளாடும் மீனை, மருந்து போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

தோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, சிறுநீரகத்திலிருந்து கிருமி நீக்கிய வளையக்கம்பியால் மாதிரி எடுத்து, டிரிப்டிக் சோயா அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் சத்தான ஊடகம்) கோடுகளாக இழுக்க வேண்டும். கடல்மீன் என்றால் அகாரில் உப்பு 1.5 முதல் 2 சதவீதம் இருக்கட்டும். வெதுவெதுப்பான நீரில் வாழும் மீனின் மாதிரியை 25 டிகிரி செல்சியஸில் 24 முதல் 48 மணி நேரம் வளர்க்க வேண்டும். மனித மாதிரிபோல 37 டிகிரியில் வைத்தால் பல மீன் கிருமிகள் வளரவே வளராது.

செவுள் அரிக்கும் ஃபிளேவோபாக்டீரியம் காலம்னேர் என்ற பாக்டீரியா இந்தச் சத்தான அகாரில் சரியாக வளராது. அதற்குச் சத்து குறைந்த ஊடகம் வேண்டும். செவுள் துணுக்கை உடனே நுண்ணோக்கியில் பாருங்கள்: மெல்லிய நீண்ட கோல்கள் வைக்கோல் போர்போல் குவிந்து தெரியும்.

மீன் நோய்க் கிருமிகளான ஏரோமோனாஸ், விப்ரியோ இரண்டும் கிராம் சாயச் சோதனையில் நெகட்டிவ், ஆக்சிடேஸ் நொதிச் சோதனையில் பாசிட்டிவ்; அவற்றை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அகாரில் வைக்கும் ஓ/129 வட்டு (கிருமித் தடுப்பு வேதிப்பொருள், 150 மைக்ரோகிராம்) பொதுவாக விப்ரியோவைத் தடுக்கும், ஏரோமோனாஸைத் தடுக்காது. ஏரோமோனாஸ் இனங்களைப் பிரிக்க பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் மரபணு போதாது; ஜைர்பி அல்லது ஆர்பிஓடி மரபணுவைப் பார்க்க வேண்டும்.

எந்த உறுப்பு, என்ன வெப்பநிலை, வளர்ந்தது ஒரே கிருமியா (தூய வளர்ப்பு), பல கிருமிகளின் கலப்பா என்பதை ஆய்வகங்கள் அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மீன்நோய் ஆய்வாளர்கள்