ஊர்களை நகரமாக வகைப்படுத்தும்போது பெண்களின் தொழிலையும் கணக்கில் கொள்ளக் கோரும் மனு

அனுப்புநர்
ஊராட்சிப் பொதுமக்கள்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்ககம்,
சென்னை.

பொருள்: 2027 கணக்கெடுப்பு – கணக்கெடுப்பு நகரங்களுக்கான அளவுகோல் – திருத்தம் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஓர் ஊரில் குறைந்தது 5,000 பேர் வசித்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்து, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்வோரில்) 75 சதவீதத்தினராவது வேளாண்மை அல்லாத தொழில் செய்தால், ஊராட்சியாகவே நிர்வகிக்கப்பட்டாலும் அது கணக்கெடுப்பு நகரமாகிறது. தமிழ்நாட்டில் 2001-இல் 111 ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011-இல் 376 ஆயின. எங்கள் ஆட்சேபம் மூன்றாவது அளவுகோலைப் பற்றியது.

எங்கள் பகுதியில் ஆண்கள் விசைத்தறிக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். மாடு கறப்பதும், களையெடுப்பதும், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் வரும்போது வயலைக் கவனிப்பதும், ஊரக வேலைத் திட்டப் பணிக்குப் போவதும் பெரும்பாலும் பெண்களே. ஆண்களை மட்டும் எண்ணினால் இது நகரம். வீட்டில் உழைக்கும் இருவரையும் எண்ணினால் அவ்வாறு சொல்ல இயலாது. ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாகவே வேலை கிடைக்கும் பெண்கள் முதன்மைத் தொழிலாளர் கணக்கிலும் சேர்வதில்லை என்பதால், இருபாலரையும் எண்ணும்போது குறுகிய காலத் தொழிலாளர்களையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கும்.

கணக்கெடுப்பு நகரம் என்ற பெயரால் மட்டும் ஊராட்சி கலைந்துவிடாது என்பதை அறிவோம். ஆனால் தரம் உயர்த்துவது, அருகிலுள்ள நகராட்சியுடன் இணைப்பது என்ற பேச்சு எழும்போது இந்தப் பெயரே காரணமாகக் காட்டப்படும் என்று அஞ்சுகிறோம். இணைத்துவிட்டால் ஊரக வேலைத் திட்டம் எங்களுக்கு இல்லை. 2004-இல் 500க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சிகளாக்கி, 2006-இல் அவற்றை மீண்டும் பேரூராட்சிகளாக்கிய மாநிலத்தில் இந்த அச்சம் மிகையானதன்று.

ஆகவே, தொழில் விகிதத்தை இருபாலருக்கும் சேர்த்துக் கணக்கிடுமாறு கணக்கெடுப்பை நடத்தும் இந்தியத் தலைமைப் பதிவாளருக்குப் பரிந்துரைக்கவும், அதுவரை அந்த விகிதத்தை ஊர்வாரியாகத் தனியே வெளியிடவும் வேண்டுகிறோம். கறவை மாடு வளர்க்கும் பெண்ணை ‘வீட்டு வேலை’ என்று பதியாதிருக்கக் கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறோம்.

மேலும், 2011-இல் ‘பிற தொழிலாளர்’களிடம் (வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்வோரிடம்) வேலையிடத்தின் தொலைவும் பயண வகையும் கேட்கப்பட்டன. அத்தகைய விவரம் ஊர்வாரியாகக் கிடைத்தால், காலை ஷிப்ட் வண்டியில் திருப்பூர் போய் இரவு தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) திரும்புவோர் எத்தனை பேர் என்பது தெரியவரும். கூலி நகரத்திலும் குடும்பமும் மாடும் ஊரிலுமாக வாழ்வோரை நகரம், கிராமம் என்ற இரண்டே வகைக்குள் அடக்குவது பொருந்தாது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020-இல் ஏற்ற நகர–ஊரக வகைப்பாட்டு முறையிலும் பெருநகருக்கும் ஊரகத்துக்கும் நடுவே ஒரு வகை உண்டு. எங்கள் ஊர் போன்றவற்றை அவ்வகையில் தனியே அட்டவணைப்படுத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சிப் பொதுமக்கள்